வயிற்றுக்குள் ஒரு குடைக்கம்பி

14 அக்டோபர் 1996, திங்கள்

தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை. பாண்டி பஜாரில் கால் வைக்க இடமில்லை. எங்கள் கடையில் மற்ற கவுன்ட்டர்களில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சேலை விரிக்கிறார்கள். என் கவுன்ட்டரில் மட்டும் யாரும் சிரிப்பதில்லை. வாங்கிப்போன சேலையைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் எதற்காகச் சிரிக்கப் போகிறார்கள்?

இன்று ஓர் அம்மாள் சாம்பார் வாசனையோடு ஒரு சேலையைக் கொண்டுவந்து, "பிரிச்சுக்கூடப் பாக்கலைங்க" என்றாள். மடிப்புக் கலையாமலே சாம்பார் உள்ளே போயிருக்கிறது. தெய்வச் செயல்தான். அடுத்து வந்த பெண்ணின் குறை நிஜமான குறை. சிவப்புச் சேலை, ஒரே நனைப்பில் பாவாடை, ரவிக்கை, வாளி எல்லாம் சிவப்பு. அவளிடம், "புதுசுல அப்படித்தாம்மா இருக்கும். ரெண்டு தண்ணி போனா சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். இதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். குரலில் கொஞ்சம் அக்கறை கலந்து சொல்ல வேண்டும். அது முக்கியம்.

பில்லைப் பார்க்கக் குனிந்தபோது தொப்புளுக்கு மேலே, வலது பக்கமாக, சுருக்கென்றது. நிமிர்ந்தால் போய்விடுகிறது. குனிந்தால் வந்துவிடுகிறது. ஒரு மாதமாக இதே விளையாட்டு. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "கேஸ்க்கா. ஓமத்தண்ணி குடிங்க" என்றார். அவர் படித்தது பி.காம்.

17 அக்டோபர், வியாழன்

ஒன்றை இங்கே எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நானே நம்ப மாட்டேன். நான் சாதாரணப்பட்ட மனுஷி இல்லை. என் வயிற்றுக்குள் வெளிநாட்டுச் சாமான் இருக்கிறது.

போன வருஷம் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். படுத்தபடியே கிடந்ததில் இடது கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகிவிட்டது. கால் தூண் மாதிரி வீங்கியது. அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் ஆளை முடித்துவிடுமாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தார்கள். அந்த மருந்தில், எப்போதோ இருந்த வயிற்றுப் புண் திறந்துகொண்டு ரத்த வாந்தி. மருந்தைக் கொடுத்தால் ஒரு வழியில் சாவு, நிறுத்தினால் இன்னொரு வழியில் சாவு. அப்போதுதான் எங்கள் குடும்பத்தின் ஒரே டாக்டர் குமரகுரு வந்தான். என் வீட்டுக்காரரின் அக்கா மகன். வீட்டில் குமரன். அமெரிக்காவில் மேல்படிப்பு முடித்துவிட்டு, அடையாற்றில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருந்தான். கழுத்தில் ஊசி குத்தி, அதன் வழியாகக் குழாயை விட்டு, வயிற்றில் இருக்கும் பெரிய ரத்தக் குழாய்க்குள் ஒரு கம்பி வலையை இறக்கி நிறுத்தினான். அதன் பெயர் ஃபில்டர். கட்டி கிளம்பினாலும் மேலே போக விடாமல் வழியிலேயே பிடித்துக்கொள்ளும்.

மாதிரிக்கு ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். ஒரு முனையில் சேர்ந்தும் மறுமுனையில் விரிந்தும் மெல்லிய கால்கள்.

"குடை மாதிரி, அத்தை."

"துணி கிழிஞ்ச குடை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். உயிரோடு இருந்ததால் நானும் சிரித்தேன்.

என் உயிரைக் காப்பாற்றினான். அதை நான் மறக்கவில்லை. மறக்க விட இங்கே யாரும் தயாராகவும் இல்லை.

29 அக்டோபர், செவ்வாய்

ஓமத்தண்ணி, சீரகத்தண்ணி, பெருங்காயம் கரைத்த மோர், சுட்ட பூண்டு. மயிலாப்பூரில் இருக்கிற அஞ்சறைப் பெட்டி எல்லாம் இப்போது என் வயிற்றில்தான். வலி அசையவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டால் போதும் என்று இருக்கிறது.

10 நவம்பர், தீபாவளி

காலையில் குமரன் அம்மாவோடு வந்தான். அவன் அம்மா மங்கையர்க்கரசி எனக்கு நாத்தனார். அண்ணி என்று கூப்பிடுவேன். தன் வீட்டுக்காரர் இறந்த பிறகு, நிலத்தை விற்று மகனைப் படிக்க வைத்தவள். கோயிலுக்குப் போனாலும் அர்ச்சகரிடம் பெயர், நட்சத்திரத்தோடு "டாக்டர்" என்பதையும் சேர்த்துத்தான் சொல்லுவாள்.

இன்று அவனிடம் வலியைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று குளிக்கும்போது ஒத்திகைகூடப் பார்த்தேன். காலில் விழுந்து எழுந்தவன், "எப்படி இருக்கீங்க அத்தை?" என்றான். பக்கத்தில் அண்ணி. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. என் வீட்டுக்காரர் லட்டுத் தட்டோடு நிற்கிறார். நல்ல நாள்.

"பரவாயில்லப்பா" என்றேன்.

ஏன் சொன்னேன்? கடையில் எத்தனையோ பேர் வாயை அடைக்கிற வாய் இது. அவன் முன்னால் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறது.

22 நவம்பர், வெள்ளி

அரை நாள் லீவு போட்டு அடையாறு போனேன். தனியாக. இந்த முறை சொல்லிவிட்டேன். ஆனால் சொல்லி முடிக்கவில்லை. "குனிஞ்சா இங்க குத்துதுப்பா, சாப்பிட்டா..." என்று ஆரம்பிப்பதற்குள் போன் அடித்தது. அவன் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என் வயிற்றை அமுக்கினான். அதுவும் சேலைக்கு மேலே. போனில் யாருக்கோ "எக்ஸலன்ட், எக்ஸலன்ட்" என்றான். என் வயிற்றைத்தான் சொல்கிறானோ என்று ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன்.

"கேஸ், அத்தை. இந்த வயசுல வரும். தீபாவளிப் பலகாரம் வேற."

"அந்தக் கம்பி ஏதாவது..."

"ஃபில்டரா? அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அது வெச்ச இடத்துல அப்படியே இருக்கும். கொஞ்ச நாள் போனா எல்லாம் சரியாயிடும்."

குரலில் கொஞ்சம் அக்கறை கலந்திருந்தான். ரெண்டு தண்ணி போனா சரியாயிடும்! என் தொழிலை என்னிடமே காட்டுகிறான். ரோஸ் நிறத்தில் ஒரு மருந்து எழுதிக் கொடுத்தான். ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்க வாய் வரை வந்தது. அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

1 டிசம்பர், ஞாயிறு

வேறு டாக்டரிடம் போனால் என்ன என்று இன்று என் வீட்டுக்காரரிடம் மெல்லக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பேப்பரை மடித்து வைத்தார்.

"வீட்டுலயே டாக்டர் இருக்கிறப்ப வெளிய போனா, அவனை நம்பலைன்னு அர்த்தம் ஆயிடாதா வடிவு?"

அர்த்தம் ஆகும். எங்கள் குடும்பத்தில் இது எழுதாத சட்டம். இவருடைய சித்தப்பா மூலத்துக்கு மாம்பலத்தில் ஒருவரிடம் காட்டிக்கொண்டார். அது ஊருக்குத் தெரியக்கூடிய சமாசாரமே இல்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது. அண்ணி ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை. குமரன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை தபாலில் போயிற்று. நேரில் வைக்காத பத்திரிகைக்கு யார் போவார்கள்? பாவம், கிழவர் இன்றுவரை இருமலைக்கூட அடக்கிக்கொண்டுதான் குமரன் முன்னால் உட்காருகிறார்.

டாக்டர் இல்லாத குடும்பம் எவ்வளவு கொடுத்து வைத்தது! நினைத்த டாக்டரிடம் போகலாம்.

15 டிசம்பர், ஞாயிறு

என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

வேறு எப்படிச் சொல்ல? கொட்டிவாக்கத்திலிருந்து ஒரு தம்பதி. கணவருக்கும் காலில் ரத்தக் கட்டியாம். குமரன், "எங்க அத்தைக்கே வெச்சிருக்கேன், போய்ப் பாருங்க" என்று விலாசம் கொடுத்து அனுப்பியிருக்கிறான். பூ, பழத்தோடு வந்து உட்கார்ந்து, என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்கள். பாடத் தெரியுமா என்றுதான் கேட்கவில்லை. நடந்து காட்டச் சொன்னார்கள்! நடந்தேன். போண்டா, காபி கொடுத்தோம்.

"உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லையே?" என்று அந்த அம்மாள் கேட்டாள். கண் கலங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "வேலைக்கே போறாங்க, பாருங்களேன்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அவர்கள் போன பிறகு போண்டாவில் ஒன்றைக் கடித்தேன். விழுங்க முடியவில்லை. அந்த மனிதருக்கு இது தேவையாகவே இருக்கலாம், எனக்குத் தேவைப்பட்ட மாதிரி. ஆனால் அந்த அம்மாள் என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

14 ஜனவரி 1997, பொங்கல்

சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி. அதற்கு மேல் இறங்கவில்லை. ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. "இளைச்சு அழகாயிட்டீங்க" என்று பக்கத்துப் போர்ஷன்காரி சொன்னாள். நன்றி.

19 ஜனவரி, ஞாயிறு

இன்று மேடை ஏறினேன்.

தி. நகரில் ஒரு ஹோட்டலில் டாக்டர்கள் மாநாடு. குமரன் தன் ஃபில்டரைப் பற்றிப் பேசப் போகிறான். கடைசியில் அத்தை வந்து இரண்டு வார்த்தை சொன்னால் போதும் என்று அண்ணி வந்து கேட்டாள். பட்டுப் புடவை கட்டச் சொன்னாள். கட்டினேன். ஏசி ஹால். சுவரில் என் வயிற்றுக்குள் இருக்கும் குடையைப் பெரிதாகக் காட்டினார்கள். அதை வைத்த அன்று எடுத்த படம். குமரன் இங்கிலீஷில் பேசினான். எனக்குப் புரிந்த ஒரே சொல் "சக்ஸஸ்". அது அடிக்கடி வந்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டான். படி ஏறும்போதே குத்தியது. மைக்கை என் பக்கம் நீட்டி, தமிழில், எல்லோர் முன்னாலும் கேட்டான்: "அத்தை, இப்ப எப்படி இருக்கீங்க?"

ஹால் முழுக்க டாக்டர்கள். இத்தனை டாக்டர்கள் என்னைப் பார்த்து, என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருப்பது வாழ்க்கையில் இனி ஒருபோதும் நடக்கப்போவதில்லை. முதல் வரிசையில் அண்ணி கைக்குட்டையோடு.

"நல்லா இருக்கேன்" என்றேன்.

கைதட்டினார்கள். யாரோ ஒரு பெரிய டாக்டர் எழுந்து நின்று தட்டினார். எனக்கு ஒரு பூங்கொத்து. குமரனுக்கு ஒரு கேடயம்.

வரும் வழியில் பனகல் பார்க் பக்கம் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன். ஆட்டோக்காரர் பயந்துவிட்டார். "இன்னா சார், அம்மா இப்டி கீது, நீ பாட்டுக்கு வூட்டுக்குப் போன்னு சொல்றே. ஆஸ்பத்திரிக்கு வுடட்டா?" என்றார், கூட வந்த என் வீட்டுக்காரரிடம்.

"டாக்டருங்க கூட்டத்துலேர்ந்துதாம்பா வர்றோம்" என்றார் இவர்.

23 ஜனவரி, வியாழன்

ஷம்ஷாத் கண்டுபிடித்துவிட்டாள். பிளவுஸ் பிட் கவுன்ட்டரில் இருப்பவள். ரம்ஜான் மாதம், நோன்பு. மதியம் எல்லோரும் சாப்பிடப் போகும்போது அவள் மட்டும் ஸ்டோர் ரூமில் சேலைக் கட்டுகள் மேல் சாய்ந்து உட்காருவாள். இந்த வாரம் முழுக்க நானும் அங்கேதான். டப்பாவைத் திறந்து, பார்த்து, மூடிவிடுகிறேன்.

"நான் நோன்பு. நீங்க எதுக்குக்கா சாப்பிட மாட்டேன்றீங்க?"

"கேஸும்மா."

"இன்னாக்கா கேஸு? எங்க மாமனாருக்கும் இப்டித்தான் கேஸு கேஸுன்னு சொல்லிக்கினே இருந்தாங்க. கடைசில பாத்தா குடல்ல புண்ணு. ராயப்பேட்டையில அப்துல் கய்யூம்னு ஒரு டாக்டர். வாய்க்குள்ள டியூப் வுட்டுப் பாத்தாரு. மூஞ்சிக்கு நேரா திட்டுவாரு, ஆனா சரியா பாப்பாரு. வர்றீங்களா?"

வீட்டில் டாக்டர் இருக்கிறார் என்று சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த டாக்டர் வீட்டுல இருந்துதான் நீங்க இப்டி ஆயிட்டீங்களா?"

30 ஜனவரி, வியாழன்

பொய் சொல்லிவிட்டுப் போனேன். கடையில் ஸ்டாக் எடுக்கிறார்கள், வர நேரமாகும் என்று வீட்டில் சொன்னேன். கடையிலோ, வீட்டில் விசேஷம் என்றேன். ஊரறியாமல் ஒருவனைப் பார்க்கப் போகிறவள்கூட இவ்வளவு பாடுபட மாட்டாள். ராயப்பேட்டை மணிக்கூண்டு அருகில் இறங்கியதும் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போர்த்திக்கொண்டேன். ஷம்ஷாத் சிரித்தாள். "எனக்கு மேட்சா இருக்கீங்க" என்றாள்.

டாக்டர் அப்துல் கய்யூம் வயதானவர். சிரிக்கவே இல்லை. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கவும் இல்லை, அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது. "எங்க வலி? விரல் வெச்சுக் காட்டுங்க. எப்ப வருது? குனிஞ்சா எப்படி?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். போன் அடித்தது. எடுக்கவில்லை. வயிற்றில் இதற்கு முன் என்ன செய்தார்கள் என்று கேட்டபோது குடையைப் பற்றிச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"அது வெச்சப்புறம் எக்ஸ்ரே எத்தனை தடவை எடுத்தாங்க?"

"எடுக்கலை."

"நீங்க கேக்கலையா?"

"சொந்தக்காரப் பையன் டாக்டர்."

"ஓ" என்றார். நிறையப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

தொண்டையில் கசப்பாக எதையோ அடித்து, குழாயை விட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஷம்ஷாத் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் எக்ஸ்ரேக்கும் அனுப்பினார். படத்தை விளக்குப் பலகையில் மாட்டி அருகில் கூப்பிட்டார். குடை சாய்ந்திருந்தது. ஒரு கால் மற்றவற்றைவிட அதிகமாக வெளியே விரிந்திருந்தது.

"அம்மா, இந்தக் கால் ரத்தக் குழாய்ச் சுவரைக் குத்திட்டு வெளிய வந்திருக்கு. பக்கத்துல இருக்கிற குடலையும் குத்திடுச்சு. உள்ள கம்பி எட்டிப் பாக்குறத நான் பார்த்தேன். உங்க பழைய புண்ணு நல்லா ஆறிடுச்சு. இது கேஸ் இல்ல. இத சீக்கிரம் ஆபரேஷன் பண்ணி எடுக்கணும்."

கேஸ் இல்லை. அந்த வார்த்தையைக் கேட்டதும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். பைத்தியம் மாதிரி. வெளியே படியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது.

31 ஜனவரி, வெள்ளி

சொல்லிட்டேன். வீட்டுக்காரர்கிட்ட படத்தைக் காட்டிச் சொன்னேன். அந்த மனுஷன் கேட்ட முதல் கேள்வி — "நீ அங்க போனது குமரனுக்குத் தெரியுமா?"

என் குடல்ல கம்பி குத்திக்கிட்டு நிக்குது. இவருக்கு மருமகன் மனசு நோகக் கூடாது. இருபத்தஞ்சு வருஷம் சோறு போட்ட கைக்கு இதுதானா மரியாதை? நான் செத்தா, "டாக்டர் குமரகுருவின் அத்தை"ன்னு பேப்பர்ல போடுவாரோ? போடட்டும். நல்லா கொட்டை எழுத்துல போடட்டும்.

அழுதேன். அவரும் அழுதார். ஆனால் அக்காவுக்குப் போன் செய்யாமல் இருக்கவில்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

அண்ணி வீட்டில் விசாரணை. குற்றவாளி நான். குமரன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அவன் காது மடல் சிவந்ததை நான் கவனித்தேன். சின்ன வயதில் பொய் சொன்னால் இப்படித்தான் சிவக்கும்.

"லட்சத்துல ஒருத்தருக்கு ஆகலாம்னு புக்ல இருக்கு. ஆனா எங்கிட்ட நீங்க ஒருநாளும் சொல்லலையே, அத்தை? மேடையிலகூட நல்லா இருக்கேன்னுதானே சொன்னீங்க?"

அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

"அடையாறுக்கு வந்து சொன்னேன். நீ போன்ல இருந்தே" என்றேன்.

அண்ணி குறுக்கே புகுந்தாள். "வீட்டுப் பிள்ளைய விட்டுட்டு ராயப்பேட்டையில போய் வாயத் திறந்திருக்க. அவன் பேரு என்ன ஆகும்னு நெனச்சியா வடிவு?"

"வாயத் திறந்தது பேசுறதுக்கில்ல அண்ணி, டியூப் விடுறதுக்கு. அவன் பேருக்கு ஒண்ணும் ஆகாது. எனக்குத்தான் ஆகும். நான் நல்லா இல்ல. கேட்டுக்குங்க எல்லாரும். நல்லா இல்ல, நல்லா இல்ல."

கத்திவிட்டேன். எனக்கே ஆச்சரியம். யாரும் கைதட்டவில்லை.

குமரன் மெதுவாக, "நான் அமெரிக்காவுக்கு எழுதிக் கேக்குறேன், கொஞ்ச நாள் பொறுத்து..." என்றான். வலிக்கிறது இங்கே. பதில் வர வேண்டியது அமெரிக்காவிலிருந்து. ஒன்றும் முடிவாகாமல் எழுந்து வந்தோம்.

5 பிப்ரவரி, புதன்

காலையிலிருந்து மலம் தார் மாதிரி கறுப்பு. தலை சுற்றுகிறது. இருந்தாலும் வேலைக்குப் போகிறேன். வீட்டில் உட்கார்ந்தால் இவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

24 பிப்ரவரி, திங்கள்

இப்போதுதான் பேனா பிடிக்க முடிகிறது.

அன்று கவுன்ட்டரிலேயே விழுந்துவிட்டேன். யாரோ திருப்பிக் கொண்டுவந்த ஒரு வாழைப்பட்டுச் சேலை மேல். அதை மாற்றிக் கொடுத்தார்களாம். கடை வரலாற்றில் கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுத்த முதல் சேலை அதுவாகத்தான் இருக்கும். ஷம்ஷாத்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாள். கய்யூம் டாக்டர் முன்பே சொல்லி வைத்திருந்த சர்ஜனிடம், சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு. உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வயிற்றைத் திறந்து, கம்பியை எடுத்து, குழாயையும் குடலையும் தைத்தார்கள். புண் ஆறிவிட்டதால் இனி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையே போதுமாம். மாசா மாசம் ரத்தப் பரிசோதனை. கீரை அந்த மாத்திரையைக் கெடுக்குமாம், பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

குமரன் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வந்து, உள்ளே நிற்கலாமா என்று கேட்டானாம். சர்ஜன் ஒரு மூலையில் நிற்க விட்டிருக்கிறார். இதை இவர்தான் சொன்னார். இவர் இந்த மூன்று வாரமும் ஆஸ்பத்திரித் தரையில் பாய் போட்டுக் கிடந்தார். மருமகன் மனசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு முடி சீவிவிட்டார், கோணல் வகிடு.

சர்ஜன் நேற்று வந்து சொன்னார்: "அந்த வலையில ஒரு பெரிய ரத்தக் கட்டி மாட்டிக்கிட்டு இருந்துதும்மா. அத வெக்காம இருந்திருந்தா போன வருஷமே போயிருப்பீங்க. வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காததுல இந்த வருஷம் போயிருப்பீங்க."

ஆக இரண்டு முறை சாக வேண்டியவள். யாரைக் கோபித்துக்கொள்வது என்பதில்கூட ஒரு தெளிவு இல்லாமல் செய்துவிட்டார்கள்.

21 மார்ச், வெள்ளி

அறுபத்து மூவர் உற்சவம். தெருவில் மோர்ப் பந்தல், கூட்டம். நான் ஜன்னலோடு சரி. கூட்டத்தைப் பிளந்துகொண்டு குமரன் வந்தான். தனியாக. வியர்த்து ஊற்றியது.

உட்கார்ந்தான். நான் மோர் கொடுத்தேன். பிறகு, ஃபில்டர் வைத்த எல்லோரையும் வரச் சொல்லி எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னான். கொட்டிவாக்கம் மனிதருக்கும் வைத்தாகிவிட்டதாம். நன்றாக இருக்கிறதாம்.

"அவரு நல்லா இருக்குன்னு சொன்னாரா, நீ பார்த்தியா?"

"பார்த்தேன், அத்தை."

அந்த அம்மாளின் கலங்கிய கண் ஞாபகம் வந்தது. கொஞ்சம் மூச்சு வந்தது. மன்னிப்பு என்ற வார்த்தையை அவன் சொல்லவில்லை. அந்த வார்த்தை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பழக்கமில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். சரியாகக் கழுவவில்லை.

8 மே, வியாழன்

அண்ணி வந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் வந்திருந்தாள், அதுவும் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுப் போக. இன்று இவர் ஆபீஸுக்குப் போன பிறகு வந்தாள். எங்கள் மாடிப்படியில் பாதியில் நின்று, சுவரைப் பிடித்து, பிறகு ஏறினாள். வந்ததும் வெயிலைத் திட்டினாள். வேலைக்காரியைத் திட்டினாள். எனக்குத் தெரியும், ஏதோ இருக்கிறது. கடைசியில், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"வடிவு, அந்த ராயப்பேட்டை டாக்டர்கிட்ட என்னையும் ஒரு தடவ கூட்டிட்டுப் போறியா?"

"ஏன் அண்ணி?"

"படி ஏறினா நெஞ்ச அடைக்குது. இடது கைல ஒரு இழுப்பு. போன கார்த்திகையிலேர்ந்து."

கார்த்திகை! அந்தக் கைக்குட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தபோதும் இருந்திருக்கிறது.

"குமரன்கிட்ட சொல்லலையா?"

"கேப்பான். தினமும் சாப்பிடுறப்ப கேப்பான், எப்படிம்மா இருக்கேன்னு. நல்லா இருக்கேன்ப்பான்னு சொல்லிடுவேன். அவனுக்கு ஆயிரம் வேல. இப்ப உன் விஷயத்துல வேற ஒடிஞ்சு போயிருக்கான். பெத்த தாயக்கூடப் பாக்கலைன்னு ஊரு பேசாதா? அவனுக்குத் தெரிய வேணாம், வடிவு."

அவளைத் திட்ட வேண்டும் என்று நினைத்தேன். நல்ல நல்ல வார்த்தைகளாகச் சேர்த்து வைத்திருந்தேன், மூன்று மாதமாக. அதை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

9 மே, வெள்ளி

காலையில் முதல் வேலையாக அடையாற்றுக்குப் போன் செய்தேன். டாக்டர் ரவுண்ட்ஸில் இருக்கிறார் என்றாள் ஒருத்தி. அத்தை என்று சொல்லுங்கள் என்றேன். உடனே வந்தான்.

"உங்க அம்மாவ ஒரு ஹார்ட் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். கய்யூம் டாக்டர் சொன்ன ஆளு, லஸ்ல. நீயும் வா. ஆனா உள்ள வரக் கூடாது. அவங்க உன் முன்னாடி பேச மாட்டாங்க."

"சரி அத்தை" என்றான்.

அண்ணி அவனை வாசலில் பார்த்ததும் என்னை முறைத்தாள். திரும்பிப் போயிருப்பாள், நான் கையை விடவில்லை. உள்ளே டாக்டரம்மா, "சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?" என்று கேட்டாள். சின்ன வயது. அண்ணி கதவைத் திரும்பிப் பார்த்தாள். மூடியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். படி, கை இழுப்பு, விடியற்காலையில் வரும் வியர்வை, பயம். பயம் என்று அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. ஈசிஜி எடுத்தார்கள். சும்மா விடக் கூடியது இல்லையாம். இன்றே அட்மிட் ஆக வேண்டும். நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்றாள் டாக்டரம்மா.

நான் முதலில் வெளியே வந்தேன். டோக்கன் வாங்கிக் காத்திருப்பவர்களுக்கு நடுவில், பெஞ்சு ஓரத்தில், அம்மாவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு குமரன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். டாக்டர் என்ன சொன்னார் என்றுதான் கேட்பான் என்று நினைத்தேன்.

"அம்மா உள்ள என்ன சொன்னாங்க, அத்தை?"

"போய் அவங்களையே கேளு" என்று சொல்லி, கைப்பையை நான் வாங்கிக்கொண்டேன்.